வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் தெளிவாகத் தெரிய: கியூஜிஐஎஸ் லேபிளிங், பெயர்ப் பட்டியலிலிருந்து அச்சு வரை

கடலூர் கடலோரக் குப்பங்களுக்கு ஒரு வரைபடம். ஏ3 தாளில், தமிழில், புயல் பாதுகாப்பு மையங்களும் அவற்றுக்குப் போகும் சாலைகளும் காட்டி, ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் சுவரில் ஒட்ட வேண்டியது. இந்த வேலையை நானே செய்து முடித்தேன். அப்புறம் அதே வேலையைக் கல்லூரி மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். கோடு வரைவதிலோ நிறம் கொடுப்பதிலோ யாரும் அதிகம் தடுமாறவில்லை. பெயர் எழுதுகிற இடத்தில்தான் ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மென்பொருளைத் திறந்தவுடன் லேபிள் பகுதிக்கு, அதாவது பெயர்களை எழுதவைக்கும் பகுதிக்குப் போய்விடுகிறார்கள். அது இந்த வேலையில் ஆறாவது படி. அதற்கு முன் ஐந்து படி இருக்கிறது, அதில் பாதி மென்பொருளுக்கு வெளியே. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் ஒரு வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்காது.

எடுத்துக்காட்டுக்குக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை வைத்துக்கொள்கிறேன். இலவசம், தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டுகிறது, சாதாரண மடிக்கணினியிலும் ஓடுகிறது. பொத்தான்களின் பெயரைத் திரையில் இருக்கிற ஆங்கில ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். தேடிப்பிடிக்க அதுதான் வசதி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கியூஜிஐஎஸ்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். புதுப்புது வசதிகளுக்காக மாதத்துக்கு ஒரு பதிப்பு மாற்ற வேண்டாம். பெயர்கள் எங்கே உட்காரும் என்பதை மென்பொருள்தான் கணக்கிடுகிறது, பதிப்பு மாறினால் அந்தக் கணக்கும் கொஞ்சம் மாறலாம்.

ஊர்கள் புள்ளிகளாகவும், ஆறுகளும் சாலைகளும் கோடுகளாகவும், வட்ட (தாலுகா) எல்லையும் ஏரிகளும் பரப்புகளாகவும் தனித்தனி அடுக்கில் (லேயர்) இருக்க வேண்டும். எல்லா அடுக்கையும் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய வடிவம் வேண்டாம். ஏன் என்பதை மூன்றாவது படியில் விவரமாகச் சொல்கிறேன்.

வரைபடத்தின் ஆள்கூற்று முறையை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) யுடிஎம் 44 வடக்கு என்று வையுங்கள். பட்டியலில் அதன் எண் 32644. கடலூரும் புதுச்சேரியும் இந்த மண்டலத்துக்குள்தான் வருகின்றன. அளவுகள் மீட்டரில் கிடைப்பதால், ஊருக்கும் ஊருக்கும் இடையே தாளில் எத்தனை மில்லிமீட்டர் கிடைக்கும் என்று வாய்க்கணக்காகவே போட்டுவிடலாம்.

கடைசியாக, ஒரு பிரிண்டர். சொந்தமாக இல்லாவிட்டால் பக்கத்து ஜெராக்ஸ் கடை போதும். சோதனைக்காக இரண்டு மூன்று தடவை அச்செடுக்காமல் எந்த வரைபடமும் தேறாது.

2. யார், எவ்வளவு தூரத்தில் நின்று படிப்பார்கள்

எழுத்தின் அளவைத் திரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு 6 புள்ளியில் (எழுத்தின் அளவுக்கான அலகு, ஆங்கிலத்தில் பாயின்ட்) பெயர் எழுதி, "நல்லா தெரியுதே சார்" என்று சொன்ன மாணவர்கள் நிறையப் பேர். அச்சில் எடுத்துச் சுவரில் ஒட்டியதும் அவர்களாலேயே படிக்க முடியவில்லை.

கையில் பிடித்துப் படிக்கிற தாளுக்குத் தமிழில் 8 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்கிற சுவர் வரைபடத்துக்குக் கீழ் எல்லை 12. இது நான் அச்செடுத்துப் பார்த்து வைத்துக்கொண்ட கணக்கு. படிப்பவர்களில் வயதானவர்கள் அதிகம் என்றால் இன்னும் 2 புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது அளவுவிகிதம். 1:50,000 என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். ஏ3 தாளை நெட்டுவாக்கில் வைத்தால் 42 சென்டிமீட்டர் உயரம், ஓரம் விட்டால் 40. அதாவது தாழங்குடாவில் தொடங்கித் தெற்கே 20 கிலோமீட்டர் கடற்கரை அடங்கும். மாவட்டக் கடற்கரை முழுவதையும் அதே தாளில் கொண்டுவர வேண்டுமென்றால் 1:1,50,000 வரை சுருக்க வேண்டியிருக்கும். அப்போது அரை கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கிற இரண்டு குப்பங்களுக்கு நடுவில் தாளில் கிடைப்பது 3.3 மில்லிமீட்டர். 9 புள்ளி எழுத்தின் உயரமே 3.2 மில்லிமீட்டர். 12 புள்ளியில் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

இந்தக் கணக்கை இங்கேயே போட்டுவிட்டால், ஒரே தாளா, இரண்டு தாளா, நெருக்கமான பகுதிக்கு மட்டும் மூலையில் தனிப் பெட்டியா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யலாம். துறைமுகத்தை ஒட்டிய சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், அக்கரைக்கோரி மூன்றையும் நான் தனிப் பெட்டியில்தான் போட்டேன். எழுத்தைச் சிறிதாக்கி இதைச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் தாளைக் கூட்டுங்கள், இல்லையென்றால் பெயரைக் குறையுங்கள்.

அளவுவிகிதத்தை முடிவு செய்ததும் ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டி வையுங்கள். இனி அது மாறக் கூடாது. மாறினால் என்ன ஆகும் என்பது எட்டாவது படியில்.

3. பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்தல்

அதிக நேரம் எடுக்கிற படி இது. இதைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் திரும்பி வந்தார்கள்.

முதலில் எழுத்துக் குறியீடு. எக்செல்லில் தட்டச்சு செய்த பட்டியலைச் சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி என்று கொடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், மூலக் கோப்பு இல்லையென்றால் மீட்கவும் முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல் கிடைத்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் கண்ணால் படித்துப் பாருங்கள். மாற்றி தரும் கருவி அங்கங்கே ஒரு எழுத்தை விட்டுவிடும்.

ஷேப்ஃபைல் ஏன் வேண்டாம் என்றால், திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரையே பாருங்கள். நம் கண்ணுக்கு 11 எழுத்து. கணினி 'தி' என்பதைத் 'த' ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டு குறியாக வைத்துக்கொள்கிறது. அப்படி மொத்தம் 22 குறிகள், குறிக்கு 3 பைட் வீதம் 66 பைட். ஷேப்ஃபைலில் பெயர் நெடுவரிசைக்கு 50 என்று அகலம் கொடுத்திருந்தால் 'திருப்பாதிரிப்பு' வரை வந்து அதோடு பெயர் அறுந்துவிடும். நெடுவரிசைத் தலைப்புக்கு அதில் மொத்தமே 10 பைட், தமிழில் மூன்று குறி. ஜியோபேக்கேஜில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அடுத்தது, பார்க்க ஒன்றுபோல் இருந்தும் உள்ளே வேறாக இருக்கிற எழுத்துகள். 'கொள்ளிடம்' என்பதில் வரும் 'கொ' எழுத்தைச் சிலர் ஒரே குறியாகவும், சிலர் கொம்பு தனி, கால் தனியாகவும் தட்டச்சு செய்திருப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டு பட்டியலை இணைக்கும்போது மட்டும் பொருந்தாமல் அடம்பிடிக்கும். 'ஔ' வரிசையில் இது இன்னும் அதிகம். 'கௌ' என்பதற்குக் கொம்பும் ளகரமும் சேர்த்துக் 'கெள' என்று அடித்திருப்பார்கள். பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடமும் இதே வேலையைச் செய்யும். இணைப்பு பொருந்தாத ஊர்களை மட்டும் தனியே எடுத்து, அந்தப் பெயர்களைப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். தேடிக் கண்டுபிடிப்பதைவிட அது சீக்கிரம் முடியும்.

அப்புறம் எந்தப் பெயரை எழுதுவது என்ற கேள்வி. கடலூரில் 'ஓ.டி.' என்றால்தான் பலருக்குப் புரியும், எழுத்தில் அது முதுநகர். திருப்பாதிரிப்புலியூரைத் திருப்பாப்புலியூர் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆவணத்தில் இருக்கிற பெயரைப் பெரிதாக எழுதி, வழக்குப் பெயர் இல்லாமல் ஊர் புரியாது என்ற இடத்தில் மட்டும் அதைக் கீழே சிறிதாகச் சேர்ப்பது என் வழக்கம். எல்லா ஊருக்கும் இரண்டு பெயர் போட்டால் இரண்டுமே படிக்க முடியாமல் போகும்.

கடைசியாக இரண்டு நெடுவரிசைகளைச் சேருங்கள். 'வரைபடப்பெயர்' ஒன்று, 'தரம்' ஒன்று. முதல் நெடுவரிசையில், நீளமான பெயரை எங்கே மடிக்க வேண்டுமோ அங்கே ஒரு நெடுங்கோடு போடுங்கள்: திருப்பாதிரிப்|புலியூர், தேவனாம்|பட்டினம். இந்த எண்ணிக்கையில் மடி என்று மென்பொருளிடம் விட்டால், அது சொற்களுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தைத்தான் தேடும். நம் ஊர்ப் பெயர்கள் ஒரே சொல்லாக இருப்பதால் மடிக்காது. எங்கே மடித்தால் வாய்க்கு இயல்பாக வருகிறது என்பது தமிழ் தெரிந்தவருக்குத்தான் தெரியும். மூலப் பெயர் நெடுவரிசையைத் தொடாமல் அப்படியே வைத்திருங்கள், தேடவும் இணைக்கவும் அது வேண்டும்.

4. தரம் பிரித்தல்

'தரம்' நெடுவரிசையில் 1 முதல் 4 வரை எண் போடுங்கள். பெரிய ஊருக்கு 1, சின்ன ஊருக்கு 4 என்று மக்கள்தொகையைப் பார்த்துப் போடுவதுதான் பொதுவாக எல்லோரும் செய்வது. நம் வரைபடத்தின் வேலைக்கு அது பொருந்தாது. பாதுகாப்பு மையம் எங்கே என்று தேடுகிறவருக்கு மையத்தின் பெயர்தான் முதல் தரம். அவர் இருக்கிற குப்பம் இரண்டாம் தரம். கடலூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி எல்லாம் திசை புரிவதற்காக இருக்கிற பெயர்கள், அவை மூன்றாம் தரத்திலேயே இருக்கலாம். ஆறு, ஏரி, வட்ட எல்லை நான்காம் தரம்.

இரண்டு பெயர்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்போது எதை வைப்பது, எதை விடுவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அதற்கு வசதியானதை வைத்துக்கொள்ளும். ஒரு மாணவியின் வரைபடத்தில் கடலில் 'வங்காள விரிகுடா' அழகாக வந்திருந்தது, சொத்திக்குப்பம் இல்லை. அந்தக் குப்பத்துக்காரர் அந்தத் தாளை என்ன செய்வார்?

தரத்தை முடிவு செய்யும்போது பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊரும் முக்கியம் என்றுதான் முதலில் தோன்றும். முதல் இரண்டு தரங்களும் சேர்ந்து மொத்தப் பெயர்களில் பாதியைத் தாண்டினால் மறுபடி பிரியுங்கள்.

5. எழுத்துருவும் நிறமும்

ஆங்கில வரைபட நூல்கள் சொல்வது: நாட்டுக்கும் மாநிலத்துக்கும் பெரிய எழுத்து, நீர்நிலைக்குச் சாய்வெழுத்து. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் முறையாக வடித்த சாய்வெழுத்தும் கிடையாது. இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும், அதில் ணகரமும் னகரமும் குழம்பும். ஆகவே நம்மிடம் இருக்கும் கருவிகள் மூன்று: அளவு, தடிமன், நிறம். இந்த மூன்றிலேயே வேலையை முடிக்க வேண்டும்.

ஒரே எழுத்துருக் குடும்பம் போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் மூன்றுமே இலவசம், மூன்றிலும் பல தடிமன்கள் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 'ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை, கீழ், மணல், மனம்' என்று நீங்கள் வைத்திருக்கிற மிகச் சிறிய அளவில் அச்செடுங்கள். 'பே' எழுத்தின் இரட்டைச்சுழிக் கொம்பு ஒற்றைச்சுழியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பேட்டை 'பெட்டை' ஆகிவிடும், ஊர்க்காரர்கள் சும்மா விட மாட்டார்கள். கடலூர்க் கரையோரத்தில் பேட்டைகள் வரிசையாக இருப்பதால் இது கற்பனைச் சிக்கல் இல்லை, என் முதல் அச்சிலேயே வந்தது. அடுத்ததாகப் 'ப்' மேலிருக்கிற புள்ளி. மெல்லிய எழுத்துருவில் 7 புள்ளிக்குக் கீழே போனால், மலிவான பிரிண்டரில் புள்ளி தாளில் விழுவதே இல்லை. மெல்லிய தடிமனை விட்டுவிட்டுச் சாதாரணம், அரைத்தடிமன் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகளுக்கு இடையே குறைந்தது 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். 12, 13, 14 என்று போனால் யாருக்கும் வேறுபாடு தெரியாது. என் சுவர் வரைபடத்தில் மையம் 16 அரைத்தடிமன், குப்பம் 14 சாதாரணம், மற்றவை 12.

நிறத்தில் ஊருக்குக் கறுப்பு, நீருக்கு அடர்நீலம், எல்லைப் பெயருக்கு அடர்சாம்பல். வெளிர்நீலம் திரையில் அழகு. ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் அதைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துத்தான் ஒட்டுவார்கள், நகலில் வெளிர்நீலம் மறைந்துவிடும்.

6. இப்போது லேபிள் பகுதி

அடுக்கின் பண்புகளைத் திறந்து லேபிள்ஸ் பகுதியில் 'ரூல் பேஸ்டு லேபிளிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'சிங்கிள் லேபிள்ஸ்' வேண்டாம், அதில் எல்லா ஊருக்கும் ஒரே அளவுதான். தரம் 1, தரம் 2, தரம் 3 என்று மூன்று விதிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாம் படியில் முடிவு செய்த அளவையும் தடிமனையும் கொடுங்கள். அளவின் அலகு 'பாயின்ட்ஸ்' என்றே இருக்கட்டும். 'மேப் யூனிட்ஸ்' என்று மாறியிருந்தால், பெரிதாக்கும்போது எழுத்தும் கூடவே பெரிதாகி ஏமாற்றும்.

'ஃபார்மேட்டிங்' பகுதியில் 'ராப் ஆன் கேரக்டர்' என்ற பெட்டியில் நாம் பெயர்களுக்குள் போட்ட நெடுங்கோட்டைக் கொடுங்கள். கீழேயே வரி உயரம் இருக்கும், அதைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். தமிழில் உகர ஊகாரக் குறிகள் கீழே தொங்கும், இகரக் கொக்கியும் புள்ளியும் மேலே நிற்கும். இரண்டு வரிப் பெயரில் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கக் கூடாது.

இனி இடம். இது அடுக்குக்கு அடுக்கு வேறு.

ஊர்ப் புள்ளிகள்: 'பிளேஸ்மென்ட்' பகுதியில் 'கார்ட்டோகிராஃபிக்' முறையை வையுங்கள். அது வலது மேற்பக்கத்தை முதலில் முயன்று, முடியாவிட்டால் மற்ற பக்கங்களுக்குப் போகும். நம் கரையில் இது நல்ல வசதி. கடல் கிழக்கே, அதாவது வலப்பக்கம். கரையோரக் குப்பங்களின் பெயர்கள் தாமாகவே கடலின் மேல் போய் உட்காரும், அங்கே இடிக்க எதுவும் இல்லை. உப்பனாற்றுக்கு மேற்கே இருக்கிற ஊர்களுக்குத் தனி விதி எழுதிப் பெயரை இடப்பக்கம் தள்ளுங்கள். ஊர் எந்தக் கரையில் இருக்கிறதோ பெயரும் அந்தக் கரையிலேயே இருக்க வேண்டும். ஊர் ஆற்றுக்கு மேற்கே, பெயர் கிழக்கே என்று இருந்தால், வெள்ள நேரத்தில் எந்தப் பக்கம் போவது என்று பார்க்கிறவரை அது தவறான கரைக்கு அனுப்பும். பெயரின் பாதி நிலத்திலும் பாதி கடலிலும் கிடப்பதும் கூடாது, கரைக்கோடு எழுத்தை வெட்டிக்கொண்டு போகும்.

ஆறுகள்: தரவில் ஒரு ஆறு பல துண்டுகளாக இருக்கும். அப்படியே லேபிள் போட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வரும். ஒருவரின் வரைபடத்தில் மஞ்சக்குப்பத்தைத் தாண்டுவதற்குள் 'கெடிலம்' ஒன்பது தடவை வந்திருந்தது. 'மெர்ஜ் கனெக்டட் லைன்ஸ்' என்பதை டிக் செய்தால் துண்டுகள் ஒன்றாகி ஒரு பெயர் மட்டும் வரும். தென்பெண்ணை, கெடிலம் இரண்டும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் பெயர் இயல்பாக இடமிருந்து வலமாக அமையும். உப்பனாறு கரைக்கு இணையாக வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அதன் பெயர் செங்குத்தாகத்தான் நிற்கும், கீழிருந்து மேலாகப் படிக்கும்படி வையுங்கள்.

'கர்வ்டு' முறையில் பெயர் ஆற்றின் வளைவோடு வளைந்து போகும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்து உடையும். 'கெடிலம்' என்பதில் கொம்பு ஒரு கோணத்தில், ககரம் ஒரு கோணத்தில் என்று பிரிந்துவிடும். உங்கள் பதிப்பில் 'தென்பெண்ணை' என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் ஐகாரமும் எழுத்தோடு ஒட்டியிருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 'பேரலல்' முறைக்கு வந்து, ஆறு கொஞ்சம் நேராக ஓடுகிற இடத்தில் பெயரை வையுங்கள்.

பரப்புகள்: வட்டப் பெயரை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுப் பரப்பி எழுதுவது ஆங்கில வரைபட வழக்கம். தமிழுக்கு வேண்டாம். 'காட்டுமன்னார்கோயில்' போன்ற பெயர் ஏற்கனவே நீளம். இடைவெளி கூட்டினால் காலும் கொம்பும் எந்த எழுத்தைச் சேர்ந்தவை என்று கண் தேட ஆரம்பிக்கும். நிறத்தை அடர்சாம்பலாகவே வைத்து, அளவைச் சற்றுக் கூட்டினால் போதும்.

வரைபடம் வடக்கே புதுச்சேரி எல்லையைத் தொட்டால் இன்னொரு சிக்கல் வரும். புதுச்சேரி நிலம் ஒரே துண்டாக இல்லை, தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. 'லேபிள் எவ்ரி பார்ட்' என்பது டிக் ஆகியிருந்தால் ஒவ்வொரு திட்டிலும் 'புதுச்சேரி' என்று எழுதிக்கொண்டே போகும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், மிகப் பெரிய துண்டில் மட்டும் பெயர் வரும். மற்ற திட்டுகளை ஒரே மெல்லிய நிறத்தால் காட்டி, குறிவிளக்கத்தில் ஒரு வரி எழுதினால் விஷயம் முடிந்தது. பாகூர், நெட்டப்பாக்கம் போன்ற ஊர்ப் பெயர்கள் அந்தத் திட்டுகளுக்கு அடையாளமாக இருக்கும்.

7. பஃபர் என்கிற வெளிவிளிம்பு

எழுத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பு கொடுத்தால் பின்னால் ஓடும் சாலைக்கோடு எழுத்தில் கலக்காது. கியூஜிஐஎஸ் தானாகக் கொடுப்பது 1 மில்லிமீட்டர். அது அதிகம், பெயருக்கு அடியில் இருக்கிற சாலையையே தின்றுவிடும். 0.5 முதல் 0.7 போதும்.

விளிம்புக்கு வெள்ளை கொடுக்காதீர்கள், பின்னணியின் நிறத்தையே கொடுங்கள். கடல் மேல் இருக்கிற பெயருக்குக் கடலின் நிறம், நிலத்துப் பெயருக்கு நிலத்தின் நிறம். அப்போது விளிம்பு இருப்பதே தெரியாது, எழுத்து மட்டும் தெளியும்.

8. மோதலைத் தீர்ப்பது, அதன் பிறகே கையால் நகர்த்துவது

லேபிள் கருவிப்பட்டையில், இடம் கிடைக்காத பெயர்களைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் விடுபட்ட பெயர்கள் சிவப்பில் வரும். இதைப் பார்க்காமல் எந்த வரைபடத்தையும் முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். விடுபட்ட ஊர் திரையில் காலி இடமாகத்தான் இருக்கும், காலி இடத்தைக் கண் கவனிக்காது.

சிவப்பில் வந்தவற்றை இந்த வரிசையில் தீருங்கள். தரம் 1, 2 விதிகளுக்கு 'ப்ரையாரிட்டி' அளவைக் கூட்டுங்கள், ஆறு, எல்லைக்குக் குறையுங்கள். பாதியளவு சிக்கல் இதிலேயே தீரும். அடுத்து நீளமான பெயரை இன்னொரு இடத்தில் மடித்துப் பாருங்கள். அப்புறம் தேவையில்லாத நான்காம் தரப் பெயர்களை எடுத்துவிடுங்கள். இவ்வளவு செய்தும் நெருக்கமாக இருந்தால் 'கால்அவுட்ஸ்' வசதியால் பெயரைச் சற்றுத் தள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு மெல்லிய கோடு இழுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது.

'அலவ் ஓவர்லேப்ஸ்' என்று ஒன்று இருக்கும். எல்லாப் பெயரும் வர வேண்டும் என்ற ஆசையில் அதைத் தொடுகிறவர்கள் உண்டு. எல்லாம் வரும், ஒன்றின் மேல் ஒன்றாக. தொடாதீர்கள்.

கையால் நகர்த்துவது கடைசி. நகர்த்தும் கருவியை முதல்முறை பயன்படுத்தும்போது, எந்த நெடுவரிசையைக் கொண்டு ஊரை அடையாளம் காண்பது என்று மென்பொருள் கேட்கும். மாறாத எண் உள்ள நெடுவரிசையைக் கொடுங்கள். வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டுப் பின்னால் பட்டியலை மாற்றி அடுக்கினால், தேவனாம்பட்டினத்துக்கு வைத்த இடத்தில் வேறொரு ஊரின் பெயர் போய் நிற்கும்.

முதல் வரைபடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தேன். மறுநாள், தெற்கே இன்னும் இரண்டு ஊரைச் சேர்த்தால் நல்லது என்று அளவுவிகிதத்தைக் கொஞ்சம் மாற்றினேன். நகர்த்திய பெயர்கள் தரையிலுள்ள ஆள்கூற்றோடு கட்டப்பட்டவை. அளவு சுருங்கியதும் பெயர்கள் எல்லாம் அவரவர் புள்ளியின் மேலேயே வந்து விழுந்தன. முழு நாள் வேலை போயிற்று. இரண்டாவது படியிலேயே அளவுவிகிதத்தைப் பூட்டச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று. பெயரின் இடத்தை முதன்மைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'பிரிண்ட் லேஅவுட்' திறந்து அங்கே பாருங்கள். தெரிகிற பரப்பு மாறினால் மென்பொருள் பெயர்களின் இடத்தைப் புதிதாகக் கணக்கிடும், அதனால் திரையில் இருந்த பெயர் தாளில் வேறிடத்தில் இருக்கலாம். திரையின் அளவுவிகிதத்தையும் அச்சு அளவுக்கே வைத்து வேலை செய்தால் இந்த வித்தியாசம் குறையும்.

9. அச்சுக்கு அனுப்புதல்

பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி அனுப்பும் தேர்வை வையுங்கள். 'டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்ஸ்' என்று அனுப்பினால், அச்சுக்கடைக் கணினியில் தமிழ் எழுத்து கலைந்து கொம்பு இடம் மாற வாய்ப்பிருக்கிறது. கோடாக மாற்றினால் கோப்பில் பெயரைத் தேட முடியாது, ஆனால் சுவரில் ஒட்டும் தாளில் யார் தேடப் போகிறார்கள்?

அச்சுக்கடையில் 'தாளுக்கேற்பப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்செடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்து என்று இருந்தால் தாள் சில சதவீதம் சுருங்கும், அளவுகோலும் பொய்யாகும். வெளியே வருவதற்கு முன் ஸ்கேலை வைத்து அளவுகோலை அளந்து பாருங்கள். 1:50,000 வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் சரியாக 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதே தாளைக் கறுப்பு வெள்ளையில் ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் படிக்க முடியாத பெயர் எதுவோ அதன் நிறத்தை வீட்டுக்கு வந்து மாற்றுங்கள்.

10. வேறொருவரைப் படிக்க வைத்தல்

வரைந்தவரின் கண்ணுக்கு எல்லாப் பெயரும் தெரியும், எங்கே எது என்று மனப்பாடம். அதனால் வரைபடத்தைப் பார்த்தே இராத ஒருவர் வேண்டும். கண்ணாடி போட்டுப் படிக்கிற வயதில் ஒருவரும், வேறு ஊரிலிருந்து வந்த ஒருவரும் இருந்தால் நல்லது.

தாளைச் சுவரில் ஒட்டி, ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, மூன்று கேள்வி கேளுங்கள். "சோனாங்குப்பம் எங்கே இருக்கு? அதுக்குக் கிட்ட இருக்கிற மையம் எது? இடையில ஆறு குறுக்கே வருதா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், விரலால் காட்டாதீர்கள். அவர் முன்னால் குனிந்தால் எழுத்து சிறிது. ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுத் தவறான புள்ளியைத் தொட்டால் பெயர் தூரத்தில் இருக்கிறது, அல்லது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் நிற்கிறது. பெயரை வாய்விட்டுத் தவறாகப் படித்தால் எழுத்துருவையோ எழுத்துப்பிழையையோ பாருங்கள். ராசாப்பேட்டைச் சோதனையை நான் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். தேவனாம்பட்டினத்தில் ஓர் அம்மா தாளைப் பார்த்து, "ஏம்ப்பா, ராசாப்பெட்டைன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

அவர் தடுமாறிய இடங்களை அதே தாளில் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு வந்து திருத்துங்கள். திருத்தியதும் லேபிள் விதிகளைத் தனிப் பாணிக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். அடுத்து பரங்கிப்பேட்டைப் பக்கத்துக்கோ பாகூர்ப் பக்கத்துக்கோ வரைபடம் போடும்போது, நெடுவரிசைகளுக்கு அதே பெயரை வைத்து அந்தக் கோப்பை ஏற்றினால் ஐந்தாம், ஆறாம், ஏழாம் படிகள் சில நிமிடத்தில் முடியும். மூன்றாம் படியையும் பத்தாம் படியையும் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.